ரிஃபாம்பிசின் சோதனையில் 3, 5, 6 குரோமோசோம்கள்: எங்கே தவறு செய்கிறேன்?

கேள்வி:
வணக்கம். முதுநிலை நுண்ணுயிரியல் ஆய்வுக்காக, ஈ.கோலை பாக்டீரியா டிஎன்ஏ நகலெடுப்பைத் தொடங்கும் நேரத்தைப் பார்க்கிறேன். வளர்ந்துகொண்டிருக்கும் செல்களில் ரிஃபாம்பிசின், செஃபலெக்சின் என்ற இரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைச் சேர்த்து நான்கு மணி நேரம் விட்டு, எத்தனாலில் நிலைப்படுத்தி, சாயமேற்றி, ஒவ்வொரு செல்லிலும் உள்ள டிஎன்ஏ அளவை ஃப்ளோ சைட்டோமீட்டரில் அளந்தேன். 2, 4, 8 குரோமோசோம் உள்ள செல்கள்தான் தெரிய வேண்டும். எனக்கு 3, 5, 6, 7 என்றும் சிகரங்கள் வருகின்றன. மூன்று முறை செய்தும் அதே கதை. அடுத்த வாரம் வழிகாட்டியிடம் காட்ட வேண்டும், உதவுங்கள்.

பதில் 1:
ரிஃபாம்பிசின் கரைசல் பழையதா? வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும்.

கேட்டவர்:
அன்றன்றைக்குக் கரைத்தது, இருட்டில் வைத்தது. சிகரங்கள் கூர்மையாகவே இருக்கின்றன, நடுவே பள்ளம் தெளிவு.

பதில் 2:
அப்படியானால் மருந்தைச் சந்தேகிக்க வேண்டாம். ரிஃபாம்பிசின் புதிய தொடக்கங்களைத் தடுக்கிறது. ஏற்கெனவே ஓடுகிற நகலெடுப்பு முடியும்வரை ஓடும். செஃபலெக்சின் செல் பிரிவதை நிறுத்துகிறது. அதனால் கடைசியில் எண்ணும் குரோமோசோம்கள், மருந்து சேர்த்த நொடியில் செல்லில் இருந்த தொடக்கப் புள்ளிகளின் (டிஎன்ஏவில் நகலெடுப்பு ஆரம்பிக்கும் இடங்களின்) எண்ணிக்கைதான். ஓட்டம் பாதியில் நின்றிருந்தால் சிகரங்களுக்கு இடையே மங்கலாகப் பரவியிருக்கும். எல்லாப் புள்ளிகளும் ஒன்றாகத் தொடங்கினால் எண்ணிக்கை 2, 4, 8 என இரட்டிக்கும். உங்கள் செல்களில் தொடக்கப் புள்ளிகள் உண்மையிலேயே ஒன்றாகத் தொடங்கவில்லை. எந்த வகைச் செல்?

கேட்டவர்:
ஆய்வகக் குளிர்பெட்டியில் பிளாஸ்மிட் எடுப்பதற்காக வைத்திருந்த குழாய். மூடியில் 'டாம் இல்லை' என்று எழுதியிருக்கிறது. அது முக்கியமா?

பதில் 2:
அதுவேதான் விடை! டாம் என்பது ஜிஏடிசி என்ற வரிசையில் அடினினுக்கு மெத்தில் குறி இடும் நொதி. ஈ.கோலையின் தொடக்கப் புள்ளியான ஓரி-சி ஏறத்தாழ 245 கார இணைகள் நீளம்தான், அதற்குள்ளேயே 11 ஜிஏடிசி இருக்கின்றன. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் சுமந்த டிஎன்ஏஏ புரதங்கள் அங்கே கூடி இழைகளைப் பிரித்ததும் நகலெடுப்பு தொடங்குகிறது. நகலெடுத்த உடனே பழைய இழையில் குறி உண்டு, புதிய இழையில் இன்னும் இல்லை. இந்த அரைகுறை நிலையைச் சீக்-ஏ புரதம் பற்றிக்கொண்டு, செல் இரட்டிக்கும் நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை ஓரி-சியை மூடிவைக்கிறது. அதற்குள் ஹடா புரதத்தின் துணையால் டிஎன்ஏஏவின் ஏடிபி சிதைந்து, அதன் வேகம் அடங்கிவிடும். டாம் இல்லாவிட்டால் குறியே இல்லை, சீக்-ஏவுக்குப் பிடிமானமும் இல்லை. ஒரு புள்ளி இருமுறை தொடங்கும், இன்னொன்று காத்திருக்கும். ஆகவேதான் 3, 5.

மரபணு டிஎன்ஏவை டிபிஎன்-ஒன் நொதியால் வெட்டிப் பாருங்கள். அது மெத்தில் குறி உள்ள ஜிஏடிசியை மட்டுமே வெட்டும். பக்கத்தில் டாம் உள்ள வழக்கமான ஈ.கோலை வகையான எம்ஜி1655 டிஎன்ஏவையும் ஓட்டுங்கள், ஒப்பீடு இல்லாமல் நம்பாதீர்கள். தயவுசெய்து இந்த வரைபடங்களைத் தூக்கி எறிய வேண்டாம். இவ்வளவு சுத்தமான சிகரங்கள் எளிதில் கிடைப்பதில்லை.

கேட்டவர் (நான்கு நாள் கழித்து):
எம்ஜி1655 டிஎன்ஏ துண்டு துண்டாகியது, என்னுடையது வெட்டுப்படவில்லை. எம்ஜி1655 செல்களில் அதே சோதனையைச் செய்தேன்: 4, 8 மட்டுமே. இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்து வழிகாட்டியிடம் கொண்டுபோகிறேன். மிக்க நன்றி.