புதுப்பிப்பு: இரண்டாம் முறை சர்வீஸ் முடிந்து வந்த கைக்கடிகாரம்

நாளுக்கு 20 விநாடி பிந்திய என் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரத்தைத் தயாரித்த நிறுவனத்துக்கே சர்வீசுக்கு அனுப்பியதையும், அது 12 விநாடி முந்தும் கடிகாரமாகத் திரும்பியதையும் முன்பு எழுதியிருந்தேன். பாலிஷ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தும் போட்டுவிட்டார்கள். மறுபடி அனுப்பினேன், போன வாரம் வந்து சேர்ந்தது.

ஓட்டம் சரியாகிவிட்டது. நாளுக்கு 3 விநாடிதான் முந்துகிறது. துல்லியமாக ஓடும் கடிகாரங்களுக்குத் தரப்படும் குரோனோமீட்டர் சான்றிதழுக்கான −4 முதல் +6 விநாடி வரம்புக்குள் அடங்குகிறது. அந்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன்.

மனம் ஆறாதது பாலிஷ் விஷயத்தில்தான். பட்டை பொருந்தும் நான்கு முனைகளிலும் முன்பு ஒரு கூர்மையான விளிம்பு ஓடும். வெளிச்சத்தில் திருப்பினால் கோடு போல மின்னும். இப்போது அங்கே தேய்ந்த சோப்புக்கட்டியின் வழவழப்பு. பாலிஷ் என்றால் உலோகத்தைத் தேய்த்து எடுப்பதுதானே? லேசர் வெல்டிங் மூலம் உலோகம் சேர்த்து வடிவத்தை மீட்கச் சொன்னேன். "எங்கள் தர அளவுக்குள்தான் இருக்கிறது" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள்.

போதாததற்குக் கண்ணாடிக்குள், 4 மணிக் குறியின் அருகே ஒரு தூசி. அதை எடுக்க மீண்டும் பின்மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் நீர்க்கசிவுச் சோதனையும் செய்தாக வேண்டும். சென்ற முறை செய்த சோதனையின் அறிக்கையையே இன்னும் தரவில்லை. அது கைக்கு வரும்வரை கடிகாரத்தை அனுப்புவதாக இல்லை.