ஸ்மோல்ட்ஸைக் கொடுத்தது பிழையா? அந்த 9–0க்கு யார் பதில் சொல்வது?

மிச்சிகன்வாசி:
பேஸ்பால் வரலாற்றின் மிக மோசமான டிரேட்கள் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) என்று ஒரு பட்டியலை நேற்று ஒருவர் இங்கே பகிர்ந்திருந்தார். 1987 ஆகஸ்ட் 12 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் இளம் பிட்சர் (பந்தெறிபவர்) ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டாவுக்குக் கொடுத்து மூத்த பிட்சர் டாயில் அலெக்சாண்டரை வாங்கியது அதில் முன்வரிசையில் இருக்கிறது. படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. 2015இல் ஸ்மோல்ட்ஸ் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு 1987க்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள். அந்த ஆகஸ்டில் ஸ்மோல்ட்ஸ் யார்? மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள் ஏ லீக்கில், கிளென்ஸ் ஃபால்ஸ் அணியில், 4 வெற்றி, 10 தோல்வி, ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் தன் பொறுப்பில் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன், குறைந்தால் நல்லது) 5.68. அலெக்சாண்டர் டெட்ராய்ட்டுக்கு வந்து 11 ஆட்டங்களில் தொடக்கப் பிட்சராக இறங்கினார். 9–0, அதாவது ஒன்பது வெற்றி, தோல்வியே இல்லை. ஈ.ஆர்.ஏ. 1.53. அந்த ஆண்டு நாங்கள் 98 வெற்றியோடு பிரிவில் முதலிடம், டொராண்டோ 96. அலெக்சாண்டர் இல்லாவிட்டால் அந்த இரண்டு வெற்றி எங்கிருந்து வந்திருக்கும்? இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பட்டியல் போடட்டும்.

எண்ணும்எழுத்தும்:
இருபது வயதுப் பையனின் 4–10ஐ வைத்து அவன் எதிர்காலத்தை அளக்கலாம் என்று இன்னும் நம்புகிறீர்களா? பிட்சரின் வெற்றி தோல்வி என்பது அவர் பின்னால் நிற்கும் அணி எத்தனை ரன் எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. நாற்பது ஆண்டுகளாக எத்தனை பேர் இதை விளக்கியிருக்கிறார்கள்! அலெக்சாண்டருக்கு அப்போது 36 வயது. இரண்டு மாத வாடகைக்கு வீட்டுப் பத்திரத்தையே எழுதிக் கொடுத்தது டெட்ராய்ட்.

மிச்சிகன்வாசி:
4–10 வேண்டாமா, சரி. 5.68 எதைக் காட்டுகிறது? அதற்கும் பின்னால் நின்றவர்கள்தான் காரணமா? நான் 9–0ஐ மட்டும் சொல்லவில்லை, 1.53ஐயும் சொன்னேன். பாதியைப் படித்துவிட்டுப் பதில் எழுதும் பழக்கம் உங்களுக்குச் சென்ற மாத விவாதத்திலும் இருந்தது.

அட்லாண்டாக்காரி:
எங்கள் ஊருக்கு வந்தவரைப் பற்றி நானும் சொல்லலாம் அல்லவா? 213 வெற்றி, 154 சேவ் (கடைசியில் இறங்கி அணியின் முன்னிலையைக் காப்பது), 3,084 ஸ்டிரைக் அவுட் (பந்தெறிந்தே மட்டையாளரை வெளியேற்றுவது). 200 வெற்றியும் 150 சேவும் சேர்த்து வைத்திருக்கும் பிட்சர் மேஜர் லீக் வரலாற்றில் இவர் ஒருவர்தான். 1996இல் 24–8, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளே ஆஃப் ஆட்டங்களில் மட்டும் 15–4. இதற்கு எதிராக ஒரே ஒரு செப்டம்பரைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

மிச்சிகன்வாசி:
பாருங்கள், இதைத்தான் எதிர்பார்த்தேன். பிட்சரின் வெற்றி தோல்விக்கு மதிப்பில்லை என்கிறார் ஒருவர். அவர் பக்கத்திலேயே நின்று 24–8, 15–4 என்கிறார் இன்னொருவர். ஸ்மோல்ட்ஸின் 24 வெற்றி அவருடையது, அலெக்சாண்டரின் 9 வெற்றி மட்டும் அணியுடையது. எந்த ஊர் நியாயம் இது?

எண்ணும்எழுத்தும்:
அவர் எழுதியதற்கு நான் பொறுப்பாளி அல்ல. நான் 24–8 என்று எங்கும் எழுதவில்லை.

அட்லாண்டாக்காரி:
நான் உங்கள் பக்கம்தான் பேசினேன். நன்றாக நன்றி சொல்கிறீர்கள்.

புதுவரவு:
மோசமான டிரேட் என்றால் என்ன பொருள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமா? கொடுத்த நாளில் தெரிந்ததை வைத்தா, பிறகு நடந்ததை வைத்தா?

ஸ்காபரோக்காரன்:
1987ஐப் பெருமையாகப் பேசுபவர்கள் மட்லாக் பெயரை ஏன் விட்டுவிடுகிறார்கள்? செப்டம்பர் 24 அன்று டெட்ராய்ட்டின் பில் மட்லாக் சறுக்கி வந்து மோதியதில் எங்கள் டோனி ஃபெர்னாண்டஸின் முழங்கை எலும்பு முறிந்தது. எங்கள் ஷார்ட் ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் தடுப்பாளர்) இல்லாமல் கடைசி வாரம் ஆடினோம். அப்படித்தான் முதலிடம் போனது. அலெக்சாண்டர் ஒருவரே பிடுங்கியதுபோல் கதை சொல்ல வேண்டாம். இன்னொன்று, ஊரின் பெயர் ரொறன்ரோ.

மிச்சிகன்வாசி:
தம்பி, கடைசி ஏழு ஆட்டம் மீதமிருந்தபோது மூன்றரை ஆட்டம் முன்னால் இருந்தீர்கள். ஏழையும் தோற்றீர்கள். ஏழையும்! முழங்கை முறிந்தது ஒருவருக்கு, பேட் பிடிக்க மறந்தது மொத்த அணியும். செப்டம்பர் 27 நினைவிருக்கிறதா? உங்கள் மைதானத்தில் பத்து இன்னிங்ஸ் தாண்டியும் அலெக்சாண்டர் எறிந்துகொண்டிருந்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் எங்கள் கிப்சன் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார், பதின்மூன்றில் வென்றோம். அது அவருடைய 9–0 கணக்கில்கூட வராது. அக்டோபர் 2 அன்று உங்களை 4–3 என்று வென்றதும் அவர்தான். நான் அப்போது ஆன் ஆர்பரில் மாணவன். டைகர்ஸ் வர்ணனையாளர் ஏர்னி ஹார்வெல் குரலை ரேடியோவில் கேட்டபடி அறையில் நாங்கள் மூன்று பேர் தூங்காமல் கிடந்தோம். கடைசி நாள் எங்கள் பிட்சர் டனானா 1–0 என்று முடித்தபோது அழுதிருக்கிறேன். அந்த அழுகையைப் பிழை என்று ஒரு பட்டியல் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஸ்காபரோக்காரன்:
யார் தம்பி? 1985இல் நாங்கள் முதன்முறையாகப் பிரிவை வென்ற ஆட்டத்தை முழுவதும் எறிந்தவரே அலெக்சாண்டர்தான். அவரைப் பற்றி எனக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். 1986இல் அவரை அட்லாண்டாவுக்குக் கொடுத்து பிட்சர் டுவேன் வார்டை வாங்கினோம். வார்ட் 1993இல் 45 சேவ், இரண்டு உலகத் தொடர் பட்டம். அதே மனிதரைக் கொடுத்து நாங்கள் வார்டைப் பெற்றோம், வாங்குவதற்கு நீங்கள் ஸ்மோல்ட்ஸை இழந்தீர்கள். யார் வியாபாரம் தெரிந்தவர்கள்?

எண்ணும்எழுத்தும்:
நன்றாகக் கேட்டீர்கள். அந்த 9–0க்குப் பிறகு நடந்ததை மிச்சிகன்வாசி ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மினசோட்டாவுடன் லீக் இறுதித் தொடர். அலெக்சாண்டர் இரண்டு ஆட்டம், இரண்டும் தோல்வி, ஈ.ஆர்.ஏ. 10.00. ஐந்தே ஆட்டங்களில் தொடர் முடிந்தது. 1989இல் அவர் 6–18, டெட்ராய்ட் 103 தோல்வி. அதே 1989இல் 22 வயது ஸ்மோல்ட்ஸ் சிறந்த வீரர்களுக்கான ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வு. அதன் பிறகு 2006 வரை டெட்ராய்ட் பிளே ஆஃப் பக்கமே போகவில்லை. ஸ்மோல்ட்ஸ் மிச்சிகன் மாநிலத்து லான்சிங்கில் வளர்ந்தவர், அவருடைய தாத்தா டைகர் ஸ்டேடியத்தில் வேலை பார்த்தவர். சொந்த மண்ணின் பிள்ளையை விற்றுவிட்டு அதைப் பெருமை என்கிறீர்கள்.

மிச்சிகன்வாசி:
6–18 என்று இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள். வெற்றி தோல்விக்கு மதிப்பில்லை அல்லவா? எனக்கு எதிராக என்றால் மட்டும் மதிப்பு வந்துவிடுகிறது.

எண்ணும்எழுத்தும்:
10.00 என்பது ஈ.ஆர்.ஏ. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மிச்சிகன்வாசி:
1.53க்கு நீங்கள் முதலில் பதில் சொல்லுங்கள். லான்சிங் பிள்ளையைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை என்று யார் சொன்னது? அவர் அட்லாண்டா சட்டையில் எறிந்த ஒவ்வொரு ஆட்டமும் எனக்கு வலித்தது. 1991 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஒரு பக்கம் எங்கள் பழைய ஜாக் மோரிஸ், மறுபக்கம் எங்களுடையவராக இருந்திருக்க வேண்டிய ஸ்மோல்ட்ஸ். இருவரும் ரன் கொடுக்காமல் எறிந்ததை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஆனாலும் புதுவீரர் தேர்வின் 22ஆவது சுற்றில் எடுத்த, 5.68இல் தத்தளித்த ஒரு பையனுக்காக, கையில் வந்த பட்டத்தை விட்டுவிடு என்று எந்த ரசிகனும் அன்று சொல்லியிருக்க மாட்டான். இரண்டு வெற்றி. எங்கிருந்து வந்திருக்கும்? இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஸ்காபரோக்காரன்:
மட்லாக்கிடம் கேளுங்கள்.

அட்லாண்டாக்காரி:
டெட்ராய்ட்டுக்கு மறுபடியும் என் மனமார்ந்த நன்றி. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 12 அன்று சொல்வேன்.

மிச்சிகன்வாசி:
ஒன்றை நேராகக் கேட்கிறேன். 9–0க்குப் பதிலாக அலெக்சாண்டர் 6–3 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலிடம் யாருக்கு? டொராண்டோவுக்கு. ரொறன்ரோ என்றே எழுதிவிடுகிறேன், விடை மாறப்போவதில்லை.

எண்ணும்எழுத்தும்:
10.00.