ஒட்டுசுட்டான் குடும்பம் (வாட்சப் குழு): ஆட்டைத் திவசமும் மூஸ் வேட்டையும்

வசந்தி: பிள்ளையள், ஒக்டோபர் ரெண்டாவது சனி அப்புவின்ர ஆட்டைத் திவசம். ஐயர் 10 மணிக்கு வாறார். ஆர் ஆர் வாறியள்? இலைக்குக் கணக்குப் பாக்கோணும்.

சுகந்தி: நாங்கள் 4

காந்தன்: லண்டனுக்கு சூமில போடுங்கோ

வசந்தி: துஷி?

ரமணன்: அவன் மூஸ் சுடப் போறான் 😂

வசந்தி: என்ன?? தேவி, உமக்குத் தெரியுமோ?

தேவி: நேற்றுத்தான் சொன்னவன் மச்சாள்.

துஷி: மாமி குழம்பாதேங்கோ. ஒண்டும் களவாப் போகேல்லை. துவக்குப் பாதுகாப்புக் கோர்ஸ் முடிச்சு லைசன்ஸ் எடுத்தாச்சு. வேட்டைக் கோர்ஸ் வேற, அவுட்டோர்ஸ் கார்ட் வேற, மூஸ் லைசன்ஸ் வேற. அதுக்கு மேல டாக் எண்டு மூஸ் சுடுற அனுமதிச் சீட்டு ஒண்டு இருக்கு. விண்ணப்பிச்சுக் கிடைக்காட்டிப் புள்ளி கூடும், புள்ளி கூடினவனுக்குத்தான் முதல்ல. 2021 இல இருந்து ஒன்ராறியோவில அப்பிடி. எங்கள் 4 பேரில பிரையனுக்கு மட்டும்தான் டாக், அதுவும் காளைக்கு. பெட்டையைச் சுட்டால் வழக்கு. நாங்கள் அவனுக்கு 5 கிலோமீற்றருக்குள்ள நிண்டு வோக்கியில கதைக்கோணும். ஹேர்ஸ்ட் பக்கம் போறம், ரொறன்ரோவில இருந்து 900 கிலோமீற்றருக்கு மேல, அதாலதான் வெள்ளியே வெளிக்கிடுறம்.

சுகந்தி: காசைக் குடுத்து ஆடு வாங்கலாம்

ராசா: மூஸ் எங்கட மரை மாதிரியே?

துஷி: மரையைவிடப் பெரிசு பெரியப்பா. நல்ல காளை 500 கிலோ வரும்.

ராசா: அப்பு முத்தையன்கட்டுக் காட்டில மரை சுட்டவர். காவினது நான்.

வசந்தி: ஆர் கண்டது? வீட்டுக்கு வந்தது பங்குப் பன்றி.

ராசா: நீ அப்ப குழந்தை

வசந்தி: எனக்கு 14 வயசு ராசாண்ணை

சுகந்தி: துவங்கீட்டினம்

ரமணன்: அந்தத் துவக்கு கடைசியா ஆரிட்ட இருந்தது?

காந்தன்: உந்தக் கதை இஞ்ச வேண்டாம்.

தேவி: தம்பி, அங்க போன் எடுக்குமோ? கரடி இல்லையோ?

துஷி: றோட்டுக் கரையில மட்டும் எடுக்கும் அம்மா. பிரையனிட்ட சாட்டிலைட் கருவி இருக்கு. கறுப்புக் கரடி ஆளைக் கண்டால் விலகும். செம்மஞ்சள் தொப்பியும் அங்கியும் கட்டாயம், இடுப்புக்கு மேல 400 சதுர அங்குலம் தெரியோணும். ஆளை ஆள் சுடாமல் இருக்க. நாங்கள் தேடி ஓடவும் மாட்டம். பேர்ச் பட்டையைக் கூம்பாச் சுருட்டி, பெட்டை மாதிரி இழுத்து முனகினால் காளை தானா வரும். வரேக்க கொம்பால பத்தையை அடிச்சு முறிக்குமாம். நான் பல்கனியில பழகினன், கீழ்வீட்டு மனுசி மேல வந்திட்டா.

ரமணன்: காளை எண்டு வந்தவவோ

தேவி: ரமணன்!

சுகந்தி: இறைச்சி எவ்வளவு தேறும்?

துஷி: விழுந்தால் ஆளுக்கு 40 கிலோ. உடன தோலுரிச்சுக் கால் காலாப் பிரிச்சு ஆற விடோணும். அந்தத் தோல் போர்வை மாதிரி, உள்ச்சூட்டிலயே பழுதாப் போகும்.

ராசா: ஈரல் எனக்கு

துஷி: ஈரலும் குண்டிக்காயும் தின்னாதேங்கோ எண்டு அரசாங்கமே சொல்லுது. கட்மியம் எண்ட நச்சு உலோகம் சேருமாம்.

ராசா: கனடாவில எல்லாத்துக்கும் பயம்

ரமணன்: மிச்சத்தை வித்தால்?

துஷி: விக்கேலாது. சும்மா குடுக்கலாம்.

வசந்தி: திவசக் கதைக்குள்ள இறைச்சிக் கதை. நல்லாயிருக்கு.

சுகந்தி: மாமி, எங்கட பெரிய ஃபிரீசர் உங்கட பேஸ்மென்டிலதானே? என்ர கலியாணத்துக்குத் தந்தது.

வசந்தி: அது நிரம்பிக் கிடக்கு.

சுகந்தி: என்னத்தால?

வசந்தி: முருங்கையிலை

சுகந்தி: 3 வருசமாவோ

தேவி: தம்பி, திவசச் சாப்பாடு முடிச்சுச் சனி பின்னேரம் வெளிக்கிடேலாதோ? கொப்பாவும் அதைத்தான் கேக்கிறார்.

துஷி: சீசன் திறக்கிற நாள் அம்மா. பிரையனிட்டக் கேக்கிறன்.

தேவி: கேட்டியோ?

துஷி: இன்னும் பாக்கேல்லை, ரிக் நீலமாகேல்லை.

காந்தன்: சூம் ஆர் போடுறது?

ராசா: அப்ப நாக்கு?