மூன்று குழிகளில் மட்டும் கோல்ஃப் ஆட்டம் கைவிட்டுப் போகிறது: குழிக்குக் குழி எப்படித் திட்டமிடுவது?

லயத்துப் பேரன் (மூணாறு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்ட லயம் (தொழிலாளர் வரிசை வீடு) ஒன்றில் பிறந்தவன் நான். என் தாத்தா துரைமாரின் கோல்ஃப் பையைச் சுமந்து நடந்த அதே ஒன்பது குழித் திடலில், உறுப்பினரான நண்பர் ஒருவரின் தயவில் இப்போது ஞாயிறுதோறும் ஆடி வருகிறேன். ஒன்பது குழிகளை இரண்டு சுற்று ஆடிப் பதினெட்டாகக் கணக்கு வைப்போம்; மொத்தப் பார் (நல்ல ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய அடிக் கணக்கு) 72, என் ஹேண்டிகேப் (பாருக்கு மேல் கிடைக்கும் சலுகை அடிகள்) 24.

சென்ற ஞாயிறு 104 எடுத்தேன். பாருக்கு மேல் போன 32 அடிகளில் 18 அடிகள் மூன்றே குழிகளில் போயின என்பது அட்டையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முதல் குழி 310 யார்டு, பார் 4. டிரைவரை (மிக நீண்ட தூரம் அடிக்கும் கோல்) எடுத்தால் பந்து வலப்புறச் சில்வர் ஓக் மரங்களுக்குள் போய்விடுகிறது. மூன்றாவது 145 யார்டு, பார் 3. டீயைவிட (முதல் அடி அடிக்கும் இடம்) கிரீன் (குழி உள்ள குறும்புல் தரை) இருபது அடி தாழ்வு, கிரீனுக்கு முன்னால் தண்டப் பகுதியைக் குறிக்கும் சிவப்புக் கம்பு நட்ட ஓடை, கொடியோ பெரும்பாலும் வலது ஓரத்தில் ஓடையை ஒட்டி நிற்கும். ஆறாவது 480 யார்டு, பார் 5. இடப்புறம் முழுக்க எல்லையைக் குறிக்கும் வெள்ளைக் கம்புக்கு அப்பால் தேயிலை, ஃபேர்வேயும் (டீக்கும் கிரீனுக்கும் இடைப்பட்ட புல்வெளி) வலமிருந்து இடமாகச் சரிகிறது. பயிற்சியில் நேராகப் போகும் பந்து அங்கே மட்டும் தேயிலைக்குள் போவதன் காரணம் எனக்குப் பிடிபடவில்லை. அடிக்கும் முறையை மாற்ற வேண்டுமா, ஆடும் திட்டத்தை மாற்ற வேண்டுமா?

பழைய கேடி எழுதியது:

தம்பி, கேடி என்றதும் காவல் நிலைய ஏட்டில் பெயர் உள்ளவன் என்று எண்ணிவிட வேண்டாம். பை சுமந்தே முப்பது ஆண்டு கழித்தவன் நான். அடிக்கும் முறையை இப்போதைக்குத் தொடாதீர்கள். 24 ஹேண்டிகேப் என்றால் எல்லாக் குழியிலும் உங்களுக்கு ஓர் அடி சலுகை உண்டு. அட்டையில் கடினம் என்று 1 முதல் 6 வரை எண்ணிட்ட குழிகளில் இரண்டு அடி. ஆகவே அச்சிட்ட பாரை மறந்து, 96 தான் உங்கள் பார் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழியையும் கிரீனிலிருந்து பின்னோக்கி டீ வரை யோசித்து வாருங்கள்.

ஆறாம் குழிக்கு விடை நிலத்திலேயே இருக்கிறது. வலப்புறம் மேடாக உள்ள சரிவில் வலக்கைக்காரர் நின்றால், பந்து அவர் பாதத்தைவிட உயரத்தில் இருக்கும். அந்த நிலையில் கோலின் முகம் தானாகவே இடப்பக்கம் பார்ப்பதால், எவ்வளவு ஒழுங்காக அடித்தாலும் பந்து இடப்பக்கம்தான் வளையும். சமதளத்தில் பயிற்சி செய்பவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கி, வலப்புற மேட்டைக் குறிவையுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக் காலத்தில் பந்து விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். மார்கழி வறட்சியில் விழுந்த பிறகும் தேயிலையை நோக்கி உருளும், ஆகவே அப்போது இன்னும் வலமாகப் பாருங்கள். 190, 150, 130 என்று மூன்று நிதானமான அடி அடித்தால் கிரீனுக்குப் பத்து யார்டில் நிற்பீர்கள். ஒரு சிப் (கிரீன் மீது எழுப்பி இடும் சிறு அடி), இரண்டு புட் (கிரீனில் உருட்டும் அடி) சேர்த்தால் ஆறு. உங்களுக்கு அது பார். பந்து தேயிலைக்குள் போனதோ என்று சந்தேகம் வந்தால் அங்கேயே அறிவித்துவிட்டு மாற்றுப் பந்தை அடித்துவிடுங்கள். தேடுவதற்கு இப்போது மூன்று நிமிடம்தான் அனுமதி, தேயிலைச் செடிக்குள் அது போதவே போதாது.

மூன்றாம் குழியில் கொடியைப் பார்க்கவே பார்க்காதீர்கள். 2019 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளை நினைத்துப் பாருங்கள்: அமெரிக்காவின் அகஸ்டா திடலின் 155 யார்டு பன்னிரண்டாம் குழியில், முன்னிலையில் இருந்த மொலினாரியின் பந்தே ஓடைக்குள் போனது, டைகர் வுட்ஸ் வலது ஓரக் கொடியை விட்டுவிட்டு கிரீனின் நடுப்பக்கம் அடித்து, இரண்டு புட்டில் பார் எடுத்து, அன்று பட்டத்தையும் வென்றார். அவருக்கே அந்த அடக்கம் தேவைப்பட்டது. உங்கள் கணக்கு இது: இருபது அடித் தாழ்வுக்கு ஏழு யார்டு கழித்தால் 138. ஏழாம் அயர்ன் (இரும்புத் தலைக் கோல்; எண் குறையக் குறையத் தூரம் கூடும்) 140 போகிறது என்பீர்கள். அது மிக நன்றாக அடித்த அடியின் தூரம், பத்து முறை அடித்ததன் சராசரி அன்று. ஆறாம் அயர்னை எடுத்து கிரீனின் இடப்பின் பகுதிக்கு அடியுங்கள். பின்னால் தவறினால் ஒரு சிப். முன்னால் தவறினால் ஓடை.

முதல் குழியில் டிரைவரைப் பையிலேயே விட்டுவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகி எழுதியது:

அண்ணாச்சி சொன்ன இரண்டு குழிகளுக்கும் மறுபேச்சில்லை. முதல் குழியில் மட்டும் நான் மாறுபடுகிறேன். கிரீனுக்கு அருகில் இருப்பது எப்போதும் ஆதாயம் என்பதால், அளந்து பார்க்காமல் டிரைவரை ஒதுக்கக் கூடாது. மூணாறுத் தம்பி, இருபது பந்துகளை டிரைவரால் அடித்து, இடக்கோடியில் விழுந்ததற்கும் வலக்கோடியில் விழுந்ததற்கும் இடையில் உள்ள அகலத்தை நடந்து அளங்கள். எனக்கு அது 55 யார்டு வந்தது. அதுவரை நேராக அடிப்பவள் என்றுதான் என்னை நினைத்திருந்தேன். அந்த அகலம் மரங்களுக்கும் மறுபுற விளிம்புக்கும் இடையில் அடங்குமானால், குறியை இடப்பக்கம் நகர்த்திக்கொண்டு டிரைவரையே அடிக்கலாம். அடங்காவிட்டால் அண்ணாச்சி சொன்னபடி டிரைவரை விட்டுவிட்டு, 180 யார்டு போகும் மரக்கோல் (ஃபேர்வே வுட்).

காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் ஆடுவது கோவைப் பக்கம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொப்பியைப் பிடுங்கும். எதிர்க்காற்று குறைக்கும் தூரம், பின்காற்று கூட்டும் தூரத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. மணிக்கு 15 மைல் எதிர்க்காற்றில் 140 யார்டு அடி 120 அளவில் விழுந்துவிடும். ஓங்கி அடித்தால் பந்தின் பின்சுழற்சி கூடி இன்னும் மேலே எழும்பிப் பின்தங்கும். எண் இரண்டு குறைந்த, கூடுதல் தூரம் போகும் அயர்னை எடுத்து மெதுவாக அடிப்பதே வழி. மூணாறு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,000 அடி உயரம் என்பதால் எங்களைவிட உங்களுக்குப் பந்து ஏறத்தாழ நான்கு விழுக்காடு கூடுதலாகப் போக வேண்டும். ஆனால் தைமாத விடியல் குளிர் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். காலை ஏழு மணித் தூரத்தையும் நண்பகல் தூரத்தையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

லயத்துப் பேரன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. அளந்ததில் என் டிரைவர் அகலம் 70 யார்டு. முதல் குழியில் 50 யார்டு இடம்கூட இல்லை, ஆகவே மரக்கோல்தான். நேற்று ஆறாம் குழியில் இரண்டு சுற்றிலும் ஆறு எடுத்தேன். மூன்றாம் குழியில் இரண்டு முறையும் பந்து நனையவில்லை. ஆனால் இடப்பின் பகுதியில் நின்ற பந்தைக் கொடி வரை சரிவில் இறக்கும்போது, ஒரு முறை எட்டு அடி தாண்டி ஓடி மூன்று புட் ஆகிவிட்டது. மொத்தம் 97.

பழைய கேடி எழுதியது:

எட்டு அடி என்பது அமெரிக்கப் பிஜிஏ டூரின் தொழில்முறை ஆட்டக்காரர்களே பாதிக்குப் பாதி தவறவிடும் தூரம், அதற்காக வருந்த வேண்டாம். அந்த கிரீன் ஓடையை நோக்கிச் சரிகிறது என்பதால், மேலிருந்து இறக்கும் முதல் புட்டில் குழியைக் குறிவைக்காமல், அதற்கு மூன்றடி முன்னால் ஒரு புல் நுனியைக் குறித்துக்கொண்டு அதுவரைக்கும் மட்டும் தள்ளுங்கள். மிச்சத்தைச் சரிவு பார்த்துக்கொள்ளும். காலைப் பனி காயாத முதல் சுற்றில் மட்டும் குழி வரைக்கும் தள்ள வேண்டியிருக்கும்.