மறு: மோடாஃபினில் வகை மருந்துக்குத் தமிழில் பொதுப்பெயர்

மதுரை மருந்தாளுநர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தூக்கக் கோளாறு உள்ளவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பகலில் விழித்திருக்க உதவும் மோடாஃபினில், ஆர்மோடாஃபினில், பிடோலிசன்ட் ஆகிய மருந்துகளுக்குப் பொதுவான வகைப்பெயரில்தான் வேலை நிற்கிறது. நார்கோலெப்சி (பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய்) உள்ளவர்கள், இரவுப் பணியால் தூக்கம் கெட்டவர்கள், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்கு முகமூடிக் கருவி வைத்தும் பகலில் கண் சொக்குகிறவர்கள் என்று பலர் மோடாஃபினில் சாப்பிடுகிறார்கள். வந்த மொழிபெயர்ப்பில் "தூக்கம் போக்கும் மருந்து" என்று இருந்தது. அதைப் படித்த ஒருவர், "அப்போ இதைப் போட்டுக்கிட்டா ராத்திரி தூங்க வேண்டாமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. "விழிப்பூக்கி" என்று மாற்றலாமா? சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, விழிப்பு + ஊக்கி = விழிப்பூக்கி. புணர்ச்சியில் குறையில்லை. ஆனால் விழி + பூக்கி என்றும் பிரியும். காத்திருந்து காத்திருந்து கண் பூத்துப்போச்சு என்கிறோமே, அது பார்வை மங்கிச் சோர்வது. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

"துஞ்சாமருந்து" என்று வையுங்கள். வள்ளுவர் அமிழ்தத்தைச் "சாவா மருந்து" என்ற அதே அமைப்பு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். கூடவே "தூக்கம்" என்பதையும் குறைக்கலாம். தூங்குதல் என்றால் தொங்குதல். தூங்கணாங்குருவிக் கூடு எப்படி இருக்கிறது? "தூங்குக தூங்கிச் செயற்பால" என்ற குறளில் அது காலம் தாழ்த்துதல். துயில், துஞ்சல், கண்படை என்று மூன்று நல்ல சொற்கள் இருக்கும்போது அவற்றை ஏன் விட வேண்டும்?

கோவை மருத்துவர் எழுதியது:

ஐயா, குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் அங்கே தூங்கவில்லை, இறந்தான். சுந்தர சோழரைக் கல்வெட்டு "பொன்மாளிகைத் துஞ்சின தேவர்" என்கிறது. துஞ்சாமருந்து என்றால் சாகாமல் காக்கும் மருந்து என்றும் ஆகும். நோயாளியிடம் அப்படி ஒரு வாக்குறுதியைத் தரக்கூடாது.

எனக்கு இலக்கணத்தைவிட இதுதான் கவலை. நார்கோலெப்சியின் முதல் வகையில் மூளையில் ஒரெக்சின் என்ற, விழிப்பைத் தக்கவைக்கும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிந்துபோகின்றன. மோடாஃபினில் அவற்றை மீட்டுத் தருவதில்லை; விழித்திருக்க மட்டும் உதவுகிறது. மூச்சுத்தடைக்காரருக்கும் அப்படித்தான், தொண்டை அடைப்பது அடைத்தபடிதான் இருக்கும். மாத்திரை கிடைத்ததும் முகமூடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறவர்களை நான் பார்க்கிறேன். ஆகவே நீக்கி, போக்கி, கொல்லி எதுவும் வேண்டவே வேண்டாம்.

ஊக்கியிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ஊக்கமருந்து என்றாலே நாளிதழின் விளையாட்டுப் பக்கம்தான் நினைவுக்கு வரும். மோடாஃபினில் விளையாட்டு வீரர்களுக்கான தடைப்பட்டியலில் இருக்கவும் செய்கிறது. "விழிப்புப் பேணி" எப்படி? பேணுதல் என்றால் இருப்பதைக் காப்பது. மருந்து செய்வதும் அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்துத் தாதி ஒருவர் எழுதியது:

டொக்டர் ஐயா, பேணி எங்களுக்குத் தேத்தண்ணி குடிக்கிற பாத்திரம். "காலையில் ஒரு விழிப்புப் பேணி" என்று எழுதினால் வயதானவர்கள் கோப்பியைத்தான் நினைப்பார்கள்.

தூக்கம் என்பதும் எங்கள் பேச்சில் இல்லை, நித்திரைதான். பகலில் எவ்வளவு நித்திரை வருகிறது என்று அளக்கும் எப்வர்த் அளவுகோலின் எட்டுக் கேள்விகளை இங்கே ஒருமுறை தமிழில் கேட்டுப் பார்த்தோம். "இருந்து வாசிக்கும்போது நித்திரை வருமா" என்றால் உடனே பதில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 24. 10க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். கேள்வி விளங்காவிட்டால் அந்த எண்ணுக்கே பொருளில்லை. "கண்ணயர்தல்" இரு கரைக்கும் பொதுவாக இருக்கும். மருந்துக்கு, நேராக "விழிப்பு மருந்து" போதாதா?

தமிழாசிரியர்:

கண்ணயர்வு அருமை, மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். நித்திரையை ஏற்க மாட்டேன், அது வடசொல். "விழிப்பு மருந்து" விளக்கமே தவிர கலைச்சொல் ஆகாது. அதிலிருந்து வினையும் பண்பும் கிளைக்காது. வேண்டுமானால் "துயிலெதிரி". நுண்ணுயிர் எதிரியை மக்கள் ஏற்கவில்லையா?

மருத்துவர்:

ஐயா, நுண்ணுயிர் எதிரிதான். தூக்கம் எதிரி இல்லையே. இந்த நோயாளிகளுக்கு இரவில் நல்ல தூக்கம் வர வேண்டும் என்றுதான் நாங்கள் போராடுகிறோம். பேணியைத் திரும்பப் பெறுகிறேன். விழிப்பூக்கிக்கே என் வாக்கு, அரை மனதோடு.

மருந்தாளுநர்:

நாளை அச்சு, அதனால் இப்போதைக்கு இப்படி வைக்கிறேன். தலைப்பில் "விழிப்பூக்கி மருந்துகள்". உள்ளே எல்லா இடத்திலும் "விழிப்பு மருந்து". பகல் பிரச்சினைக்கு "பகல்நேர மிகைக் கண்ணயர்வு", பக்கத்திலேயே "தூங்கி வழிதல்".

பெயர் எதுவானாலும் அதற்கு அடுத்த வரிகளைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்: இது தூக்கத்துக்கு மாற்று அல்ல. முகமூடிக் கருவியை நிறுத்தாதீர்கள். மோடாஃபினிலைக் காலையில் சாப்பிடுங்கள். இரவுப் பணி என்றால், மருத்துவர் சொன்னபடி, வேலை தொடங்க ஒரு மணி நேரம் முன்பு. தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கான வரி முதல் மொழிபெயர்ப்பில் விடுபட்டிருந்தது, சேர்த்துவிட்டேன்: மோடாஃபினில் அதன் பலனைக் குறைக்கும், மருந்தை நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வேறு முறை தேவை.

தமிழாசிரியர்:

கருத்தடை வரி நன்று, அம்மா. ஒரே பொருளுக்குத் தலைப்பில் ஒரு சொல், உள்ளே ஒரு சொல் என்பதற்கு மட்டும் என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். கண் பூத்தலுக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்துத் தாதி:

அச்சுக்குக் கொடுத்ததும் கையேட்டின் கோப்பினை எனக்கும் அனுப்புங்கோ அக்கா. எங்கள் கிளினிக்குக்கு நித்திரை என்று மாற்றித்தான் எடுப்பேன், ஆசிரியர் ஐயா கோபிக்கக் கூடாது.