டிஸ்டன்ஸ்ல பிஎச்டி இருக்கா? வேலைல இருக்கவங்க கொஞ்சம் சொல்லுங்க

உசிலம்பட்டி டீச்சர்:
வணக்கம். எய்டட் ஸ்கூல்ல காமர்ஸ் பிஜி டீச்சரா இருக்கேன், எம்.காம்ல 61 சதவீதம். வேலைய விட முடியாது, சின்னவன் இப்பத்தான் யூகேஜி. போன வாரம் ஒரு ஏஜென்ட் கூப்பிட்டு, லீவே போட வேணாம் மேடம், முழுக்க டிஸ்டன்ஸ்தான், ஒன்றரை வருஷத்துல பட்டம், தீசிஸ் கூட நாங்களே ரெடி பண்ணித் தந்துருவோம்னாரு. ரெண்டரை லட்சமாம், இருபதாயிரம் இப்பவே கட்டணுமாம். வீட்டுக்காரர் சரின்னுட்டாரு, எனக்குத்தான் மனசு ஒப்பல.

நாகமலைக்காரன்:
ஒரு ரூவா கட்டாதீங்க மேடம். டிஸ்டன்ஸ்லயும் ஆன்லைன்லயும் பிஎச்டி கிடையாதுன்னு, யுனிவர்சிட்டிகளுக்கு ரூல் போடற யூஜிசியோட 2022 ரெகுலேஷன்லயே போட்டிருக்கு. எப்படிப் பாத்தாலும் குறைஞ்சது 3 வருஷம் ஆகும், ஒன்றரை வருஷம்னு சொன்னப்பவே போன வச்சிருக்கணும்.

உசிலம்பட்டி டீச்சர்:
அப்ப நம்ம காமராசர் யுனிவர்சிட்டி அஞ்சல் வழி? எங்க அக்கா எம்.ஏ. அதுலதான முடிச்சா?

நாகமலைக்காரன்:
அது எம்.ஏ. வரைக்கும் சரி. பிஎச்டிக்கு நீங்க கேக்க வேண்டியது பார்ட் டைம், வேலைல இருந்துக்கிட்டே நேரடியா யுனிவர்சிட்டில சேந்து பண்றது.

பழைய ஏமாளி:
நான் ஒரு இடத்துல கட்டுனேன். சர்டிபிகேட் கூரியர்ல வந்துச்சு, இப்ப பீரோவுல இருக்கு. வேற ஒண்ணும் கேக்காதீங்க.

திருமங்கலம் தமிழம்மா:
டீச்சர், நான் பார்ட் டைம்ல நாலாவது வருஷம். முதல்ல என்ஓசி, அதாவது வேலை பாக்குற இடத்துல வாங்குற தடையில்லாக் கடிதம். எங்க ஹெச்எம் "ஆட்சேபணை இல்லை"ன்னு ஒத்த வரில எழுதிக் குடுத்தாரு, யுனிவர்சிட்டில திருப்பி அனுப்பிட்டாங்க. பார்ட் டைமா படிக்க அனுமதிக்கிறோம், வேலைக்கு நடுவுல ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்கும், தேவைப்பட்டா கோர்ஸ் வொர்க் வகுப்புகளுக்கு விடுவிப்போம்னு மூணும் அதுல இருக்கணும், இதுக்கே ரெண்டு மாசம் அலைஞ்சேன். அடுத்து கைடு, நம்ம ஆராய்ச்சிய வழிநடத்துறவரு. யுனிவர்சிட்டி பேரப் பாக்கறதுக்கு முன்னாடி கைடப் பாருங்க, ஒரு ப்ரொஃபசர் 8 பேர், அசோசியேட் 6, அசிஸ்டென்ட் 4 அவ்வளவுதான் வச்சுக்கலாம், வேகன்சி இருக்கான்னு நேர்லயே கேட்ருங்க, ரிட்டயர்மெண்டுக்கு 3 வருஷத்துக்குள்ள இருக்கவங்க புதுசா ஆளே எடுக்க முடியாது. 55 சதவீதம் இருந்தாப் போதும், உங்களுக்கு மார்க் பிரச்சினை இல்ல. அப்புறம் பயப்படாதீங்க, 6 வருஷம் டைம், ரீரெஜிஸ்ட்ரேஷன் போட்டா 8, பொம்பளைங்களுக்கு 10 வரைக்கும் போகலாம். சின்னவன் அஞ்சாப்பு வந்துருவான்!

உசிலம்பட்டி டீச்சர்:
அக்கா, கோடி புண்ணியம். ஏஜென்ட் நம்பர பிளாக் பண்ணியாச்சு. என்ஓசிக்கு ஹெச்எம்ம பாக்கணுமா, செகரட்டரியவா?

திருமங்கலம் தமிழம்மா:
எய்டட்னா ஹெச்எம் வழியா செகரட்டரிக்கு எழுதுங்க. என்ன எழுதணும்னு நீங்களே டைப் பண்ணிட்டுப் போங்க, கையெழுத்து மட்டும் போடச் சொல்லுங்க. கைடு பாக்க மதுரைக்குள்ள வர வேணாம், உசிலம்பட்டில பஸ் ஏறுனா காமராசர் யுனிவர்சிட்டி இருக்கற பல்கலை நகர் வழிலயே இருக்கு, கண்டக்டர்ட்ட முன்னாடியே சொல்லி வச்சுருங்க.