சமய நம்பிக்கையைக் காட்டிப் பள்ளித் தடுப்பூசியிலிருந்து விலக்குக் கேட்கும் கடிதத்தோடு வந்தவர்களைச் சந்தித்த அனுபவம் உண்டா?

பதிவு 1

நியூயார்க் மாநிலம் பள்ளித் தடுப்பூசிக்கான சமய விலக்கை நீக்குவதற்கு முன்பு, ஒரு பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைக் கோப்புகளைப் பார்த்துவந்தேன். பெற்றோரின் நம்பிக்கை உளப்பூர்வமானதுதானா என்று எடைபோடும் வேலையைச் சட்டம் பள்ளியின் தலையிலேயே கட்டியிருந்தது. ஒரு தாய் தம் மகளுக்காகத் தந்த கடிதத்தில், இறைவன் படைத்த உடலின் தூய்மை பற்றிய பத்திகளுக்குப் பிறகு, 'என் மகனுக்கு' என்றிருந்தது. அதைச் சுட்டியதும் அவர் என் மேசைப் பேனாவையே எடுத்து, 'மகனுக்கு' என்பதை அடித்து, 'மகளுக்கு' என எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டு நீட்டினார். முதல்வர் ஏற்றுக்கொண்டார்.

பதிவு 2

இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த என் மகனுக்கு உயிருள்ள கிருமியாலான தட்டம்மைத் தடுப்பூசியைப் போட இயலாத நிலை. 2019-இல் நியூயார்க்கின் புரூக்ளினிலும் ராக்லாந்திலும் தட்டம்மை பரவியபோது, தம் பிள்ளைக்கு விலக்கு வாங்கியிருந்த ஒரு தந்தை என் கையைப் பற்றி, "உங்கள் மகனுக்காக நாள்தோறும் ஜெபிக்கிறோம்" என்றார். நோயாளி வெளியேறிய பின்னும் 2 மணிநேரம் வரை அக்கிருமி அறைக் காற்றில் நிற்கும் என்பது தெரிந்தும், நன்றி என்று மட்டுமே சொன்னேன். அவர் அன்பு பொய்யில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பதிவு 3

படியெடுத்த ஒரு கடிதத்தைக் காட்டி எல்லாரையும் பொய்யராக்குவது முறையன்று, முதல் பதிவரே. ருபெல்லா தடுப்பூசி, 1960-களில் கருக்கலைப்புக்குள்ளான கருவிலிருந்து பெற்று ஆய்வகத்தில் பெருக்கிவரும் செல் வரிசையில் வளர்க்கப்படுவதால், வத்திக்கானே அனுமதித்த பிறகும் மனம் ஒப்பாத கத்தோலிக்கர் ஒருவரோடு பணியாற்றினேன். அவர் எதையும் படியெடுத்தவரல்லர். ஆயினும் மனச்சான்று வேறு, விலக்குரிமை வேறு. கட்டாயத் தடுப்பூசி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905-லேயே தீர்ப்பளித்தது; சமய உரிமையின் பெயரால் சமூகத்தையோ குழந்தையையோ தொற்றுநோய்க்கு ஆட்படுத்த முடியாது என்று 1944-இல் எழுதியது. கலிபோர்னியா 2015-இலும் நியூயார்க் 2019-இலும் மருத்துவ விலக்கை மட்டும் விட்டுவைத்தன. மிசிசிப்பியிலோ 2023-இல் நீதிமன்ற ஆணையால் சமய விலக்கு திரும்பிவந்தது.

இரண்டாம் பதிவர் போன்ற நிலையில் இருப்போர் நன்றி சொல்வதோடு நின்றுவிடாமல், பள்ளியின் தடுப்பூசி விகிதத்தைக் கேட்டுப் பெறுங்கள். தட்டம்மைக்கு அது 95 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும். வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத் தடுப்பூசி முழுமையாக உள்ளதா என்று பாருங்கள். தொற்று நேர்ந்ததாக ஐயம் எழுந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள், ஏனெனில் நோயெதிர்ப்புப் புரத மருந்தான இம்யூனோகுளோபுலினைத் தொற்றுக்கு ஆட்பட்ட 6 நாள்களுக்குள் செலுத்தியாக வேண்டும்.